கட்டணச் சலுகை யாருக்குச் சேர்ந்தது?
2020 மார்ச் ஊரடங்கில் கோவில்பட்டியின் தீப்பெட்டி ஆலைகள் மூடப்பட்டன. மானாவாரிக் கரிசலில் கூலியும் இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கே போவார்கள்?

அக்கல்வியாண்டில் முதலாண்டில் சேர்ந்து, நவம்பர் 30-க்குள் விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருமாறு பல்கலைக்கழக மானியக் குழு பணித்தது. படிப்பைக் கைவிட்டவருக்கே அந்தச் சலுகை. தொடர்ந்து படிப்போரிடம் முதற்கட்டமாக 40 விழுக்காடு வசூலிக்கலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 17 அன்று தனியார் நிறுவனங்களுக்கு அனுமதியளித்தது.

வருமான வரம்புக்குட்பட்ட பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92. அரசு தரவேண்டிய தொகையை மாணவரிடம் முன்கூட்டியே கேட்பது, உரிமையைக் கந்துவட்டிக் கடனாக்கிவிடும். எனவே அரசாணையைச் சுட்டிக்காட்டிக் கல்லூரி முதல்வரிடம் எழுத்துமூலம் மனு அளிப்போம், ஒப்புகையும் பெறுவோம்.