உங்களுக்குத் தெரியுமா? எதையும் எதுவாகவும் மாற்றும் சக்கரம்

ஈயத்தைத் தங்கமாக்கும் இயந்திரத்தை நீங்களே வடிவமைக்கலாம், ‘ஓபஸ் மேக்னம்’ கணினி விளையாட்டில். அமெரிக்காவின் ஜாக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ரசவாதப் புதிர் இது. அறுகோணக் கட்டங்களில் இயந்திரக் கைகளைப் பொருத்தி, எடு, திருப்பு, விடு என்று ஒவ்வொன்றுக்கும் கட்டளை எழுத வேண்டும். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

கட்டளையை மட்டும் மாற்றி, ஒரே அமைப்பில் பல பொருள்களைச் செய்ய முடியுமா? முடியும், சூட்சுமம் உப்பில் இருக்கிறது. நிலம், நீர், நெருப்பு, காற்று எதுவானாலும், ஒரு மந்திரக்குறியின் மேல் வைத்தால் உப்பாகிவிடும். இன்னொரு குறி, அடுத்த கட்டத்தில் நிற்கும் பூதம் எதுவோ, அதுவாகவே உப்பை மாற்றும். நான்கு பூதங்களையும் விளிம்பில் சுமக்கும் ‘வான் பெர்லோ சக்கரத்தை’ அதன் பக்கத்தில் நிறுத்தி, வேண்டிய பூதம் வரும்வரை சுழற்றினால் போதும். இந்த விளையாட்டின் ஆக அழகான யோசனை இதுதான்.

உலோகங்களிடம் இது பலிக்காது. அவை பாதரசத்தை ஏற்று, ஈயம், வெள்ளீயம், இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகவே ஏறும்.

செலவு, வேகம், பரப்பு மூன்றும் தனித்தனியே அளக்கப்படும். மொத்த மதிப்பெண் கிடையாது. பல வேலை செய்யும் இயந்திரம் இவற்றில் முதலிடம் பிடிப்பது அரிது. ஆனாலும் அதன் ஓட்டத்தை, ஓயாமல் சுழலும் ஜிஃப் படமாகச் சேமித்துக்கொள்ளலாம்.