யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்? விவிலியமும் எகிப்திய ஏடும் திருக்குறளும்

நோர்வேயில் வளரும் எமது பிள்ளைகள் ஒரே வாரத்தில் இரண்டு நூல்களைச் சந்திக்கிறார்கள். வார நாட்களில் பாடசாலையில் கே.ஆர்.எல்.இ. பாடம். 2015 முதல் இந்தப் பெயரில் நடக்கும் அந்தப் பாடத்தில் கிறிஸ்தவமும் பிற சமயங்களும் வாழ்க்கை நோக்குகளும் அறநெறியும் கற்பிக்கப்படுகின்றன. வார இறுதியில் தமிழ்ப் பாடசாலையில் திருக்குறள். இரண்டையும் படிக்கும் பிள்ளை ஒருநாள் கேட்கத்தான் செய்யும்: "அப்பா, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே எண்டு பைபிளிலயும் இருக்கு, குறளிலயும் இருக்கு. ஆர் ஆரைப் பார்த்து எழுதினது?"

எம்மவர் வீடுகளில் இதற்கு மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. "எல்லாம் தமிழிலிருந்து போனதுதான்" என்பது ஒன்று. "தோமையார் மயிலாப்பூருக்கு வந்தவர், வள்ளுவர் அங்கை கேட்டுத்தான் எழுதினவர்" என்பது இரண்டாவது. "எல்லாச் சமயமும் ஒண்டைத்தான் சொல்லுது, போய்ப் படி" என்பது மூன்றாவது. முதல் இரண்டும் சண்டைக்குரிய பதில்கள். மூன்றாவது அன்பாகத் தோன்றினாலும், பிள்ளையின் கேள்விக்கு அதுவும் பதில் சொல்லவில்லை.

பழைய நூல்களில் ஒத்த பகுதிகளை அருகருகே வைத்துப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. அதை நாமும் கற்றுக்கொள்ளலாம், பிள்ளைக்கும் காட்டலாம்.

எகிப்தின் காணி அதிகாரி

1888 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக வொலிஸ் பட்ஜ் என்பவர் எகிப்தில் ஒரு பப்பிரசுச் சுருளைப் பெற்றுக்கொண்டார். அதன் முழுப் பாடமும் 1923 இல்தான் வெளிவந்தது. அடுத்த ஆண்டே யேர்மனிய அறிஞர் அடோல்ஃப் ஏர்மன், அந்தச் சுருளில் உள்ள அறிவுரைகள் விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில் 22ஆம், 23ஆம் அதிகாரங்களோடு பல இடங்களில் பொருந்திப்போவதை எடுத்துக் காட்டினார்.

சுருளை எழுதியவரின் பெயர் அமெனெமோப்பே. தானிய அளவுகளைக் கண்காணிப்பதும் வயல் எல்லைகளைப் பதிவு செய்வதும் அவருடைய பணி. எமது ஊர்ப் பழைய வழக்கில் சொன்னால், உடையாரும் நில அளவையாளரும் சேர்ந்த ஒருவர். அவர் தன் கடைசி மகனுக்கு 30 அதிகாரங்களில் புத்தி சொல்கிறார். ஏழையிடம் பறிக்காதே, கோபக்காரனோடு கூடித் திரியாதே, செல்வத்தைத் துரத்தாதே, அது சிறகு முளைத்துப் பறந்துவிடும், வயலின் எல்லைக்கல்லை நகர்த்தாதே, விதவையின் எல்லைக்குள் கால் வைக்காதே. இவை எல்லாம் நீதிமொழிகள் நூலிலும் இருக்கின்றன.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. எல்லைக்கல் பற்றிய அறிவுரை இரண்டு நூலிலும் இருப்பதால் மட்டும் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை தெரியாத குடும்பம் எது? வேலி அடைக்கும்போது கதியாலை அரையடி தள்ளி நடுவது, அதற்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருப்பது, வழக்கு நீதிமன்றம் வரை போவது எல்லாம் நாம் பார்த்தவை. அதற்காக அமெனெமோப்பேயை நாம் படித்திருக்கத் தேவையில்லை. நிலத்தை உழுது வாழும் எந்தச் சனத்துக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. இந்த அறிவுரையும் உண்டு. எபிரேயரின் சட்டநூலான உபாகமத்திலேயே (இணைச் சட்டம்) எல்லையை நகர்த்துவதற்குத் தனியாகத் தடை இருக்கிறது.

அப்படியானால் ஏர்மனின் முடிவை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது ஏன்? காரணம் ஒரு எண். நீதிமொழிகள் 22:20 இல் ஒரு எபிரேயச் சொல் நீண்டகாலமாகப் பொருள் விளங்காமல் இருந்தது. எபிரேயம் மெய்யெழுத்துக்களால் எழுதப்பட்ட மொழி. அதே எழுத்துக்களை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வாசிக்கலாம். பழைய மொழிபெயர்ப்பாளர்களில் சிலர் அதை "மேன்மையானவை" என்று கொண்டார்கள். எகிப்திய ஏடு கிடைத்த பின்னர்தான் அந்தச் சொல்லை "முப்பது" என்று வாசித்தால் பொருந்தும் என்பது தெரிந்தது. "உனக்கு முப்பது மொழிகளை எழுதினேன்" என்ற கருத்து அதில் வருகிறது. எகிப்தியருடைய நூலும் தன் 30 அதிகாரங்களைப் பற்றி முடிவில் தானே பேசுகிறது. இன்றைய பல மொழிபெயர்ப்புகளில் முப்பது என்றே இருக்கிறது.

இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ஒற்றுமை யாருக்கும் தோன்றக்கூடிய பொதுக் கருத்திலா, அல்லது முப்பது என்ற எண்ணைப் போலத் தனித்தன்மையான ஒன்றிலா? இரண்டு, ஒரு நூல் மற்றவரிடம் போய்ச் சேர வழி இருந்ததா? எகிப்தும் பாலஸ்தீனமும் அயல் நிலங்கள். வணிகமும் அரச தொடர்பும் இருந்தன. மூன்று, எது முந்தியது? அமெனெமோப்பேயின் நூல் கி.மு. 1100 க்கு முற்பட்டது என்பது பெரும்பாலானோரின் கணிப்பு. மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால்தான் ஒரு நூல் மற்றதைக் கேட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

வாத்தும் கழுகும்

கேட்டு எழுதினார்கள் என்பது தெரிந்ததும் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். உண்மையில் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வாங்கியவர் எதை மாற்றினார் என்று பார்க்க வேண்டும்.

எகிப்தியரின் செல்வம் வாத்துக்களைப் போலப் பறந்து போகிறது. நைல் நதிக்கரையில் அன்றாடம் காணும் பறவை அது. எபிரேய நூலில் அது கழுகாகிறது. மலைநாட்டு மக்களின் வானத்தில் வட்டமிடும் பறவை. எல்லைக்கல் விடயத்தில் மாற்றம் இன்னும் ஆழமானது. எகிப்திய நூலில் அயோக்கியனைப் பிடிப்பது சந்திரக் கடவுளின் வல்லமை. நீதிமொழிகள் 23 இல், அநாதைகளின் வயலுக்குள் நுழையாதே, அவர்களுக்காக வழக்காட ஒருவர் இருக்கிறார் என்று வருகிறது. அந்த ஒருவரைக் குறிக்கும் எபிரேயச் சொல் "கோயேல்". வறுமையால் காணியை விற்றவனுக்காக அதை மீட்டுக் கொடுக்கக் கடமைப்பட்ட நெருங்கிய உறவினரே கோயேல். தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கடவுளே அந்த உறவினராக நிற்கிறார் என்கிறது நூல்.

ஊரில் காணியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கும், ஆண் துணை இன்றி அங்கே காணிக்காக அலைந்த தாய்மாருக்கும், இந்த வரியின் பாரத்தை விளக்க வேண்டியதில்லை.

குறளுக்கு வருவோம்

இப்போது அதே மூன்று கேள்விகளையும் திருக்குறளிடம் கேட்போம். பிறர் பொருளை விரும்பாமைக்கு வள்ளுவர் "வெஃகாமை" என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். "நிலையாமை" அதிகாரத்தில் செல்வம் வந்து போவதைக் கூத்துப் பார்க்கக் கூடும் கூட்டத்துக்கு ஒப்பிடுகிறார். மெல்ல மெல்லச் சேரும், கூத்து முடிந்ததும் கலைந்துவிடும். கருத்து எகிப்தியருடையதைப் போன்றது. படமோ வேறு. வாத்தும் இல்லை, கழுகும் இல்லை. இரவுக் கூத்துக் கண்ட தமிழ்நிலத்தின் படம் அது. முப்பது என்ற எண்ணைப் போல வேறு எவ்வகையிலும் விளக்க முடியாத ஒற்றுமை எதுவும் இங்கே இல்லை. எனவே முதல் கேள்வியிலேயே வழக்கு நின்றுவிடுகிறது.

குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1886 இல் வெளியிட்ட ஜி. யு. போப், வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டிருக்கக்கூடும் என்று கருதினார். தமிழை நேசித்த பெரியவர்தான். ஆனால் கருத்து ஒற்றுமையையும் ஊர்ப் பெயரையும் தவிர அவரிடம் ஆதாரம் இருக்கவில்லை. பெரும்பாலான தமிழறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அதே அளவுகோலை எமக்கும் வைக்க வேண்டும். போப்பிடம் நாம் கேட்கும் ஆதாரத்தை, "எல்லாம் தமிழிலிருந்து போனது" என்று அனுப்பப்படும் வட்ஸ்அப் செய்தியிடமும் கேட்க வேண்டும்.

தமிழிலிருந்து ஒன்றுமே போகவில்லையா என்றால், அப்படியும் இல்லை. அரசர்கள் முதல் நூலின் 10ஆம் அதிகாரத்தில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களின் பட்டியலில் "துக்கி" என்றொரு சொல் வருகிறது. அது மயிலைக் குறிக்கும் என்றும், தமிழின் "தோகை" என்ற சொல்லோடு தொடர்புடையது என்றும் பலர் கருதுகிறார்கள். அதைக் குரங்கு வகை என்று கொள்வோரும் உண்டு. மயில் என்றே வைத்துக்கொண்டாலும், சரக்கோடு ஒரு சொல் போனதற்குத்தான் அது சான்று. நூல் போனதற்குச் சான்றல்ல.

நல்லூர் நாவலர் செய்த ஒப்பீடு

இந்த ஒப்பீட்டு வேலை எமக்குப் புதிதும் அல்ல. நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. சைவரான அவர் விவிலியத்தைச் சொல் சொல்லாகப் படித்தவர். 1854 இல் அவர் வெளியிட்ட "சைவ தூஷண பரிகாரம்" என்ற நூலில் அந்தப் படிப்பு பயன்பட்டது. மிஷனரிமார் சைவக் கோயில் வழிபாட்டை மூடநம்பிக்கை என்று இகழ்ந்த காலம் அது. நாவலர் அவர்களுடைய நூலையே திறந்து காட்டினார். எருசலேம் ஆலயத்திலும் பூசை உண்டு, காணிக்கை உண்டு, தூய்மை விதிகள் உண்டு. உங்கள் நூலில் புனிதமாக இருப்பது எங்கள் கோயிலில் மட்டும் எப்படி இழிவாகும் என்பதே வாதம்.

யார் முந்தியவர் என்ற போட்டியில் அந்த வாதத்தின் பலம் தங்கியிருக்கவில்லை. மற்றவருடைய நூலை அவரைவிடக் கவனமாகப் படித்ததில் தங்கியிருந்தது. அது ஒரு தற்காப்பு. அன்றைக்குத் தேவையான தற்காப்பு. ஆனால் தற்காப்புக்காகப் படிப்பவருடைய கண்ணில் ஒற்றுமைகளே பெரிதாகத் தெரியும். வேற்றுமைகள் பின்னுக்குப் போகும். அந்த எல்லையையும் நாம் உணர வேண்டும்.

ஒஸ்லோவில் ஒரு பேராசிரியர்

நாம் வாழும் இந்த நகரத்திலேயே இதே வேலையை வேறு நோக்கத்தோடு செய்தவர் ஒருவர் இருந்தார். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த சிக்முண்ட் மூவிங்கெல் (1884–1965), சங்கீதங்கள் அல்லது திருப்பாடல்கள் பற்றிய தன் ஆய்வுகளை 1921 முதல் 1924 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். அந்தப் பாடல்களைத் தனிமனிதரின் அந்தரங்கப் பிரார்த்தனைகளாகப் படிப்பது அன்றைய வழக்கம். மூவிங்கெல் அவற்றைப் பபிலோனியரின் புத்தாண்டுத் திருவிழாவோடு ஒப்பிட்டு, பெரும்பாலானவை எருசலேம் ஆலயத்தின் வழிபாட்டிலும் ஊர்வலத்திலும் பாடப்பட்டவை என்று விளக்கினார். நல்லூர்த் திருவிழாவில் சுவாமி வெளிவீதி வரும்போது தேவாரம் கேட்டவருக்கு இது உடனே விளங்கும். ஏட்டில் இருக்கும் பாடல் வேறு, வீதியில் பாடப்படும் பாடல் வேறு.

ஆனால் அவருடைய முடிவுகள் எல்லாம் நிலைக்கவில்லை. இஸ்ரவேலரும் ஆண்டுதோறும் கடவுளை அரியணை ஏற்றும் புத்தாண்டு விழா எடுத்தார்கள் என்று அவர் சொன்னார். அப்படி ஒரு விழாவை விவிலியம் எங்கும் நேரடியாக விவரிக்கவில்லை. பபிலோனில் இருந்ததை வைத்து எருசலேமின் இடைவெளியை நிரப்புகிறார் என்று பின்வந்தோர் விமர்சித்தார்கள். பாடல்கள் ஆலயத்துக்குரியவை என்ற அவருடைய அடிப்படைப் பார்வை மட்டும் இன்றும் மதிக்கப்படுகிறது. 1961 இல் அமெரிக்க யூத அறிஞர் சாமுவேல் சாண்ட்மெல் ஓர் உரையில் இந்த ஆபத்தை ஒரு பெயராலேயே சுட்டினார். அதைத் தமிழில் "ஒப்புமைப் பித்து" எனலாம். ஒற்றுமையைக் கண்டதும் அதிலிருந்து தொடர்பையும், தொடர்பிலிருந்து வரலாற்றையும் கட்டிவிடும் பழக்கம் அது.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஒரே குடும்பத்தில் சைவரும் கத்தோலிக்கரும் இருக்கும் சமூகம் எமது. கோயில் திருவிழாவுக்கும் நத்தார் பூசைக்கும் போகும் பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள். அவர்களிடம் ஒரு நூல் மற்றதன் திருட்டுப் பிரதி என்று சொல்லிக் கொடுத்தால், தங்கள் வீட்டின் ஒரு பாதியை அவமதிக்கக் கற்றுக் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால், இரண்டையும் படிக்கத் தேவையில்லை என்று சொல்கிறோம்.

அடுத்த முறை பிள்ளை கேட்டால், நீதிமொழிகளின் 23ஆம் அதிகாரத்தையும் குறளின் நிலையாமை அதிகாரத்தையும் ஒரே மேசையில் திறந்து வையுங்கள். அமெனெமோப்பேயின் வாத்தைப் பற்றியும் சொல்லுங்கள். பிறகு இப்படிச் சொல்லலாம்: "நீதிமொழிகள் எழுதினவர் எகிப்துக்காரரிட்டைக் கேட்டிருக்கிறார் எண்டு சொல்ல ஆதாரம் இருக்கு. வள்ளுவர் அப்பிடிக் கேட்டார் எண்டு சொல்ல ஆதாரம் இல்லை. இனி, மூண்டு பேரும் செல்வத்தை எதோட ஒப்பிடுகினம், ஏன் அப்பிடி எண்டு நீ பார்த்துச் சொல்லு."