காபி குடித்த கீபோர்டு

கை தட்டி டம்ளர் சாய்கிறது. அரை டம்ளர் காபி கீபோர்டின் இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. திரை இன்னும் எரிவதைப் பார்த்துத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்பவர்கள்தான் அதிகம். இரண்டு நாளில் கீ அழுத்தினால் எழும்பாது; ஒரு எழுத்து பத்தாக விழும்.

ஈரமும் மின்சாரமும் சேரும்போதுதான் மதர்போர்டு வேகமாக அரிக்கிறது. அதனால் உடனே சார்ஜரைப் பிடுங்க வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, பேட்டரி கழலும் மாடலானால் அதையும் எடுத்துவிட்டு, லேப்டாப்பை விரித்தபடியே கூடாரம்போல் கவிழ்த்து வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைப்பது வீண் வேலை. அரிசித் தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

வெறும் தண்ணீர் காய்ந்துபோகும். சர்க்கரை போகாது. பாகு ஆறினால் கரண்டியை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பது சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும். கீயின் அடியிலும் அதுவேதான் நடக்கிறது.

பிளாஸ்டிக் நெம்பியால் ஒரு கீயை மெல்லத் தூக்கிப் பார்த்தால், கத்தரிக்கோல்போலக் குறுக்கே கோத்த இரண்டு சின்னஞ்சிறு சட்டங்கள் தெரியும். நடுவில் குமிழ்போல ஒரு ரப்பர். அதுதான் அழுத்திய கீயை மேலே தள்ளுவது. சட்டத்தின் முளை ஒன்று ஒடிந்தாலும் அந்தக் கீ பிறகு நிற்காது. ஸ்பேஸ், ஷிஃப்ட், என்டர் போன்ற நீளமான கீகளில் பெரும்பாலும் மெல்லிய கம்பியும் கோத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் அவற்றைத் தொடாமலிருப்பது நல்லது.

பலர் தவறுவது சுத்தம் செய்யும் இடத்தில். ரிப்பேர் மேசைகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எப்போதும் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டுச் சீக்கிரம் ஆவியாகும். ஆனால் சர்க்கரை அதில் கரைவதில்லை. ஆகவே முதலில் டிஸ்டில்டு வாட்டர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அது. அதில் காது குடையும் பட்ஸை நனைத்து, பிழிந்து, பிசுக்கு கரையும்வரை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆல்கஹால். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். ஒரு நாளாவது காயவிட்டே ஆன் செய்ய வேண்டும்.

துடைத்தும் சரியாகாத கேஸ்களும் உண்டு. ரப்பருக்குக் கீழே பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக இருக்கின்றன. மின்தடங்கள் அச்சிடப்பட்டிருப்பது அவற்றில்தான். ஒரே தடத்தைப் பல கீகள் பகிர்ந்துகொள்வதால், சம்பந்தமே இல்லாத நான்கைந்து கீகள் ஒன்றாகச் செத்தால் தடம் அரித்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். அப்போது கீபோர்டையே மாற்ற வேண்டியதுதான். பழைய மாடல்கள் பலவற்றில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அது வெளியே வந்துவிடும். இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றிலோ கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் முளைகளை உருக்கிப் பதித்துவிடுகிறார்கள். ஒரு டம்ளர் காபிக்காக மூடியையே மாற்ற வேண்டியிருக்கிறது. வாங்குகிறவருக்கு இது நியாயமே அல்ல.

லெனோவோவின் திங்க்பேட் மாடல்கள் பலவற்றில், கொட்டிய திரவம் அடிப்பக்கத் துளைகள் வழியே வடிந்துபோக வழி வைத்திருக்கிறார்கள். புது லேப்டாப் வாங்கும்போது, கீபோர்டைத் தனியாக மாற்ற முடியுமா என்றும் கடைக்காரரிடம் கேட்டுவிடலாம்.