உஷார்! வெல்டிங் கனெக்டர் கையைச் சுடுகிறதா?

பட்டறையில் ரப்பர் தீயும் வாடை வந்தால் முதலில் மெஷினில் கேபிள் செருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். போன வாரம் எங்கள் பட்டறையில் அதைத்தான் பார்க்காமல் விட்டோம். எர்த் கேபிளின் கனெக்டர்மேல் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் வெல்லப்பாகு மாதிரி உருகி வழிந்திருந்தது. உரித்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, பொடிப்பொடியாய் உதிர்ந்தன. பையனைக் கேட்டேன். “ரெண்டு நாளா சுட்டுதுண்ணே. வெல்டிங்னா சுடாதா?” என்கிறான்.

சுடக் கூடாது தம்பி! வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிடிப்பு விட்டுப்போச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த இடத்தில் வெறும் 5 மில்லி ஓம் தடை, ஓடுவது 200 ஆம்பியர் என்றால் 200 வாட் சூடு. 25 வாட் சால்டரிங் அயர்ன் எட்டை ஒரே இடத்தில் வைத்து அழுத்திய மாதிரி! சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். கடைசியில் உருகுவது மெஷினின் சாக்கெட்.

சரி, மாற்றலாம் என்று கிளம்பினால் அங்கேயும் கண்ணி இருக்கிறது. கடையில் கையில் கிடைத்ததை வாங்காதீர்கள். கனெக்டர் மேலேயே 10-25, 35-50 என்று கேபிள் அளவு போட்டிருக்கும். தடித்த கேபிள் நுழையவில்லை என்று நாலைந்து இழையை வெட்டிவிட்டுத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பேசாமல் பழையதையே வைத்திருக்கலாம். இழை முனையில் ஈயம் வைப்பதும் வேண்டாம். சாதாரண ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கும். திருகு அழுத்த அழுத்த அது நசுங்கிப் பிடியும் தளரும். கூடவே வரும் செம்புக் குழலை இழைகள்மேல் மாட்டி, எல் கீ போட்டு இறுக்குங்கள். மறுநாள் இன்னொரு முறை இறுக்குங்கள், இழைகள் படிந்து இடம் விட்டிருக்கும்.

மலிவாய்க் கிடைத்த கேபிளா? ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பளவு கரண்ட் தாங்காது. எந்த கனெக்டர் போட்டாலும் சுடும்.

கை வைக்கும் முன் மெஷின் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெல்ட் பிடிக்காமல் சும்மா இருக்கும்போது பல மெஷின்களில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். வியர்த்த கைக்கு அது விளையாட்டு இல்லை. கறுத்த பகுதியை முழுசாக வெட்டி, பளபளக்கும் செம்பு வரும் வரை போங்கள். ரப்பர் உறையை முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள். எல்லாம் இறுக்கி முடித்தபின் உறை மேஜையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன் நான்.

மாட்டும்போது உள்ளே தள்ளி, வலப்பக்கம் நிற்கும் வரை திருகுங்கள். அரைகுறையாய்த் திருகினால் புது கனெக்டரும் தீயும்.

இன்று வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், அதை மாற்றாமல் நாளை மெஷினைப் போடாதீர்கள்.