மலிவு விமானமும் சுமைகூலியும்

"சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சந்தையை நோக்கி எழுந்த இம்மொழி, இந்நாளில் ஐரோப்பாவின் ஆகாய மார்க்கத்திற்கும் சாலப் பொருந்துகின்றது. மேற்படிப்பின் பொருட்டு அங்குச் செல்லும் நம் மாணாக்கர், விடுமுறையில் ஒரு நகரினின்று மற்றொரு நகருக்குச் செல்ல விரும்புங்கால், உணவு விடுதியில் ஒருவேளை உண்ணும் செலவிற்கே விமானச் சீட்டுக் கிடைப்பதைக் கண்டு வியப்புறுவர். அவ்வியப்பு மகிழ்ச்சியாய் முடிவதும் மனவருத்தமாய் முடிவதும் அவர்தம் தெரிவைப் பொறுத்தன. அத்தெரிவின் நெறியை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் ஐரோப்பிய அரசுகளே வழித்தடங்களையும் கட்டணங்களையும் பெரும்பாலும் வரையறுத்து வந்தன. 1980-களின் இறுதி முதல் அக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1997-இல், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சார்ந்த எந்தக் கம்பெனியும் ஒன்றியத்தினுள் எவ்விரு நகரங்களுக்கிடையிலும் விமானம் விடலாம் என்றாயிற்று. அயர்லாந்தில் 1985-இல் பறக்கத் தொடங்கிய ரயன்ஏர், இங்கிலாந்தில் 1995-இல் தோன்றிய ஈஸிஜெட், ஹங்கேரியைத் தலைமையிடமாகக் கொண்டு 2004 முதல் பறக்கும் விஸ் ஏர் ஆகியவை இவ்வாய்ப்பினால் தழைத்தோங்கின.

இவை குறைந்த கட்டணம் பெறுவது எங்ஙனம்? பெரும்பாலும் ஒரே வகை விமானங்களைக் கொள்வதால் விமானிகளைப் பயிற்றுதலிலும் பழுது பார்த்தலிலும் செலவு சுருங்குகின்றது. இறங்கிய விமானத்தை அரைமணி அளவில் மீண்டும் பறக்கச் செய்வதால் ஒரே விமானம் ஒரு நாளிற் பலமுறை பொருள் ஈட்டுகின்றது. இவற்றோடு, பெட்டி, உணவு, விரும்பிய இருக்கை ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனி விலை வைக்கப்படுகின்றது. நாம் விழிப்பாயிருக்க வேண்டியது இங்கேயாம்.

முதலாவது, சுமை. அடிப்படைக் கட்டணத்திற்கு முன்னிருக்கையின் கீழ் அடங்கும் ஒரு சிறு பையே இலவசமாகக் கொண்டு செல்லத்தக்கது. அப்பையின் அளவு ரயன்ஏரிலும் விஸ் ஏரிலும் 40, 30, 20 செண்டிமீட்டர். ஈஸிஜெட்டில் 45, 36, 20 செண்டிமீட்டர். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், கொள்ளளவிற் கணக்கிட்டால் முன்னது 24 லிட்டர், பின்னது 32 லிட்டருக்குச் சற்று மேல். மிகுதிச் சுமைக்கு முன்னரே பணம் செலுத்துவோர் குறைவாகவும், விமானம் ஏறும் வாயிலில் அகப்படுவோர் பன்மடங்காகவும் கொடுக்க நேரும். இவ்விதிகள் மாறுந் தன்மையன. ஆதலின் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இரண்டாவது, விமான நிலையம். பாரிஸ் எனக் குறிக்கப்பெறும் போவே நிலையம் அந்நகரினின்று ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அதுபற்றிச் சிறு நிலையங்கள் யாவும் தொலைவிலுள்ளன என முடிவு செய்தலும் பிழையாம். ரோமாபுரியில் சிறிய சாம்பினோ நிலையமே பெரிய ஃபியூமிச்சினோவினும் நகருக்கு அண்மையிலுள்ளது. பெயரை விடுத்துப் படத்தைப் பார்த்தல் வேண்டும். விடியற்காலை விமானமாயின், அந்நேரத்தில் நிலையஞ் செல்ல ரயிலோ பஸ்ஸோ உண்டா என்பதையும் ஆராய்க.

இவற்றை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குவோம். ஒரு கம்பெனியின் சீட்டு 20 யூரோ, பெட்டிக்கு 30, தொலைவான நிலையத்திற்குப் பஸ் 17; ஆக 67 யூரோ. மற்றொன்றின் சீட்டு 45 யூரோ, அதன் இலவச அளவிலேயே நம் உடைமைகள் அடங்கிவிடுகின்றன, ரயிலுக்கு 8, ஆக 53 யூரோ. மலிவெனத் தோன்றியதே விலை மிக்கதாயிற்று. ஆயின் ஒரு சிறு பையோடு செல்பவனுக்கு முதற் சீட்டு 37 யூரோவில் முடியும். ஆகவே எக்கம்பெனி மலிவு என்னும் வினாவிற்கு எல்லார்க்கும் ஒரே விடை இல்லை.

மூன்றாவது, இடையூறு நேருங்கால் வருவன. இக்கம்பெனிகளின் இரு தனிச் சீட்டுகளை வாங்கி, ஒரு விமானத்தினின்று இறங்கி மற்றொன்றில் ஏறக் கருதுவோர், முதலது தாமதித்து இரண்டாவது தவறினால் புதுச் சீட்டை வாங்க நேரும். எனினும் பயணி முற்றிலும் ஆதரவற்றவனல்லன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் சட்டப்படி, விமானம் ரத்தாயின் பணத்தை மீளப் பெறவோ வேறு விமானத்திற் செல்லவோ அவனுக்கு உரிமையுண்டு. 1,500 கிலோமீட்டருக்கு மேற்படாத பயணத்தில் கம்பெனியின் பொறுப்பிலுள்ள காரணத்தால் மூன்று மணி அல்லது அதற்கு மேல் தாமதமாய்ச் சேரின், 250 யூரோ இழப்பீடும் உண்டு. கடும் புயல் போன்றவற்றிற்கு அவ்விழப்பீடு இல்லை. நெடுநேரம் காத்திருப்போர்க்கு உணவும், இரவு தங்க நேரின் இடமும் அப்போதும் அளித்தல் வேண்டும். 20 யூரோச் சீட்டு உடையாற்கும் 200 யூரோச் சீட்டு உடையாற்கும் இவ்வுரிமை ஒன்றே. இதனை அறியாமையால் கேளாது விடுவோர் பலர்.

இறுதியாக, நம் நாட்டு மாணாக்கர் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கன் உடன்படிக்கையிற் சேர்ந்தவையல்ல. ஆதலின் இலண்டனிற் பயிலும் இந்திய மாணவன் பாரிஸ் செல்லத் தனி விசா பெறுதல் வேண்டும். ஒன்றியத்திற்குப் புறம்பான நாட்டினர் தம் பத்திரங்களை விமானம் ஏறுமுன் தனியிடத்திற் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும் என ரயன்ஏர் விதித்துள்ளது. உடன் வரும் ஐரோப்பிய நண்பன் நேரே வாயிலுக்குச் செல்வதைப் பார்த்துத் தானும் அவ்வாறே சென்று, வாயிலில் திருப்பப்பட்டவனுக்குச் சீட்டின் பணம் மீளாது.

ஆதலின் சீட்டு வாங்குமுன் ஒரு தாளில் சீட்டு, சுமை, வழிச்செலவு என்னும் மூன்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்து, பத்திரங்களையும் எடுத்து வைத்துக்கொள்க. உதவிச் சம்பளத்தில் வாழும் மாணவனுக்கு இக்கால்மணி உழைப்பு ஒரு வாரத்து உணவுச் செலவை மீத்துக் கொடுத்தலுங் கூடும். சுண்டைக்காயை வாங்குமுன் சுமைகூலியைக் கேட்பதே அறிவுடைமை.