ஒரு கம்பி அறுந்ததற்காகச் சைக்கிளை எறியலாமா? வீட்டிலேயே சக்கரம் கட்டக் கற்கும் சிக்கன வழி

மகன் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் சைக்கிள் ஒரு நாள் ஆடத் தொடங்குகிறது. பின் சக்கரம் பிரேக் கட்டையில் உரசி உரசிச் சுற்றுகிறது. குனிந்து பார்த்தால் ஒரு கம்பி அறுந்து தொங்குகிறது. 'பிறகு பார்க்கலாம்' என்று வேலியோரம் சாத்தி வைத்த சைக்கிள் மழையில் நனைந்து துருவேறி, கடைசியில் பழைய இரும்பு வாங்கும் லாரியில் ஏறிவிடுகிறது. தாமான் வீடுகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் இது வழக்கமான காட்சிதான்.

அதைவிட ஆபத்தானது, கம்பி அறுந்த சக்கரத்தோடு பிள்ளை தொடர்ந்து ஓட்டுவது. அறுந்த கம்பியின் பாரம் பக்கத்துக் கம்பிகளின் மேல் விழுகிறது. பிறகு அவையும் ஒவ்வொன்றாக அறுகின்றன. முன் சக்கரத்தில் இப்படி நேர்ந்தால், மேடு பள்ளத்தில் சக்கரம் மடங்கி ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடலாம்.

சக்கரம் கட்டுவது பெரிய கைவினைஞர்களுக்கு மட்டுமே வரும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பொறுமையும் ஒரு சிறிய சாவியும் இருந்தால் வார இறுதியில் யாரும் பழகக்கூடிய வேலை இது.

சக்கரம் எப்படி நிற்கிறது?

நடுவில் இருப்பது ஹப். வெளி வளையம் ரிம். இரண்டையும் இணைப்பவை ஸ்போக் எனப்படும் ஆரக்கம்பிகள். கம்பியின் நுனியில் திருகியிருக்கும் சிறு பித்தளைக் குமிழுக்கு நிப்பிள் என்று பெயர்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் மரக்கால்கள் பாரத்தைத் தூண் போலத் தாங்கும். சைக்கிள் கம்பியோ மெல்லியது. சாதாரணமாக 2 மில்லிமீட்டர் கனம்தான். அது தூணாக நிற்காது, வளைந்துவிடும். அதனால்தான் எல்லாக் கம்பிகளையும் முறுக்கி இழுத்துக் கட்டுகிறார்கள். எல்லாம் ஒரே அளவில் இழுக்கும்போது ரிம் நடுவில் நேராக நிற்கிறது. 1808ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரான ஜார்ஜ் கெய்லி, தாம் உருவாக்க நினைத்த பறக்கும் இயந்திரத்துக்காக இந்த முறையை யோசித்தார். கம்பிகளைக் குறுக்கே சாய்த்துப் பின்னும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார். பெடலை மிதிக்கும் முறுக்கு விசையை ரிம்முக்குக் கொண்டு செல்வது அந்தச் சாய்வுதான்.

கம்பி அறுவதற்குப் பல வேளைகளில் காரணம் அது தளர்ந்திருப்பதே. ஆள் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடும் இடத்திலுள்ள கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகிறது. சக்கரம் சுற்றியதும் மீண்டும் கூடுகிறது. ஏற்கெனவே தளர்ந்த கம்பி, ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து இறுகி, ஹப்பை ஒட்டிய வளைவில் களைத்து அறுந்துவிடும்.

எதற்குச் செலவழிக்க வேண்டும்?

கட்டாயம் வாங்க வேண்டியது ஸ்போக் சாவி. நிப்பிளின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் சாவியாக இருக்க வேண்டும். தளர்வான சாவி நிப்பிளின் மூலைகளைத் தேய்த்துவிடும். பல அளவுகள் கொண்ட வட்டச் சாவி விலை மலிவு. பழகுவதற்கு அது போதும்.

சக்கரத்தை மாட்டிப் பார்க்கும் தனி ஸ்டாண்டு தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுவே ஸ்டாண்டு. ரிம்மை ஒட்டி, சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கி, அதன் நுனியை நறுக்கிவிட்டால் அளவுகோலும் தயார்.

ஹப் வழுவழுவென்று சுற்றினால் அதை மாற்ற வேண்டாம். துருப்பிடித்த கம்பிகளையும், ஏற்கெனவே இரண்டு மூன்று அறுந்துவிட்ட தொகுதியையும் முழுதாக மாற்றுவதே சிக்கனம். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. நம் ஊர் மழைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நல்லது.

ரிம் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். '26 அங்குலம்' என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒன்றல்ல. மலைச் சைக்கிளின் 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். பழைய பாணிச் சைக்கிளின் 26 அங்குலம், ஒன்றே மூன்றெட்டு ரிம்மிலோ அது 590 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் இந்த மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். துளைகளையும் எண்ண வேண்டும். இன்று 32 அல்லது 36 துளைகள் சாதாரணம். பழைய ராலே போன்ற கனத்த ஆங்கிலேயச் சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் இருக்கும்.

முதல் பாடம்: ரிம் மாற்றுவது

கம்பிகள் நன்றாக இருந்து ரிம் மட்டும் நசுங்கியிருந்தால் எளிய வழி உண்டு. அதே அளவும் அதே எண்ணிக்கைத் துளைகளும் கொண்ட ரிம்மைப் பழைய ரிம்மின் மேல் வைத்து, காற்றடிக்கும் வால்வுத் துளைகள் நேர்நேராக வரும்படி நாலைந்து இடங்களில் டேப் ஒட்ட வேண்டும். வால்வுக்குப் பக்கத்துத் துளை இரண்டு ரிம்களிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா நிப்பிள்களையும் முதலில் சமமாகத் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் புதிய ரிம்மில் சில திருகு மட்டும் மாட்ட வேண்டும். கடைசிக் கம்பி மாறியதும் பழைய ரிம் தானாகக் கழன்றுவிடும். பின்னல் கலையாததால் தப்பு நேர வாய்ப்பு குறைவு.

புதிதாகவே பின்னுவதானால், அதேபோன்ற இன்னொரு சக்கரத்தை முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. 36 கம்பிச் சக்கரத்தில், ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் குறுக்கிட வேண்டும். ஹப் விளிம்பின் வெளிப்புறமாக வரும் கம்பி, முதல் இரண்டுக்கும் வெளிப்புறமாகச் சென்று, மூன்றாவதற்கு உட்புறமாக நுழைய வேண்டும். பின் சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கக் கம்பிகள், இடப்பக்கத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருக்கலாம். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

கோட்டம் எடுப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். திருகுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லா நிப்பிள்களையும் ஒரே அளவு இறுக்கித் தொடங்க வேண்டும். டயர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும். சாவி உட்புறத்திலிருந்து திருகுவதால் புதியவர்கள் குழம்பித் தளர்த்திவிடுவது உண்டு.

ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால், அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, பக்கத்திலுள்ள இடப்பக்கக் கம்பியைக் கால் திருகு தளர்த்த வேண்டும். ரிம் மேடாகத் துருத்தினால், அந்த இடத்தின் இரு பக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்க வேண்டும். ஒரே இடத்தில் முழுத் திருகு கொடுத்தால் கோட்டம் வேறிடத்துக்குத் தாவும்.

பிறகு, கையுறை அணிந்து, இணையாகச் செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்த வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் 'டிக்' என்று விடுபட்டு ஒழுங்காக உட்காரும். மீண்டும் கோட்டம் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டினால் ஏறக்குறைய ஒரே ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பக்கவாட்டு ஆட்டம் 1 மில்லிமீட்டருக்குள் வந்தால் பிரேக் உரசாது.

நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியை அரத்தால் தேய்த்து, ரிம் டேப் போட்ட பிறகே டியூபை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே காற்று இறங்கிவிடும்.

முதலில் கட்டும் சக்கரம் பிள்ளையின் சைக்கிளுக்குரியதாக இருக்க வேண்டாம். வேலியோரம் கிடக்கும் பழைய சைக்கிளின் பின் சக்கரத்தில் பழகலாம். முன் சக்கரம் கட்டினால், சாலைக்கு எடுக்கும் முன் அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு முறை காட்டுவது நல்லது. சிறிது தூரம் ஓட்டிய பின் கம்பிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று மறுபடியும் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலையைப் பிள்ளையின் கையில் சாவியைக் கொடுத்தே செய்யச் சொன்னால், அடுத்த முறை கம்பி அறும்போது சைக்கிள் வேலியோரம் போகாது.