எட்டாவது நகர்த்தலில் ராணிகள் இல்லை

2000 அக்டோபர், லண்டன். உலக செஸ் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் காரி காஸ்பரோவுக்கு. 1985 முதல் உலக சாம்பியனாக இருந்தவர். எதிரே 25 வயது விளாதிமிர் கிராம்னிக். 1995இல் நியூயார்க்கில் விஸ்வநாதன் ஆனந்தோடு காஸ்பரோவ் மோதியபோது, காஸ்பரோவின் உதவிக் குழுவில் இருந்தவர் இவர். அந்தச் சிங்கம் எப்படி வேட்டையாடும் என்று பக்கத்திலிருந்தே பார்த்திருந்தார்.

காஸ்பரோவ் ரூய் லோபஸ் ஓப்பனிங்கை ஆடினார். மூன்றாவது நகர்த்தலில் கிராம்னிக் தன் இரண்டாவது குதிரையையும் வெளியே எடுத்தார். இதுதான் பெர்லின் தற்காப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆடப்பட்ட பழைய வழி. அடுத்தடுத்து வெட்டுகள், எட்டாவது நகர்த்தலில் ராணிக்கு ராணி போயிற்று. வெள்ளை ராணியைக் கறுப்பு ராஜாவே எடுக்க நேர்வதால், அதைப் பத்திரமாக ஓரத்தில் ஒதுக்கும் காஸ்லிங் இனி கிடையாது.

பார்த்தால் கறுப்புக்குத்தான் நஷ்டம். ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. மறுபக்கம் கறுப்புக்கு நான்கு இருந்தும், அவற்றில் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் முன்னேறுவது கடினம். மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பொதுவாக வெள்ளையே ஜெயிக்கும்.

ஆனால் அதுவரை போய்ச் சேர வேண்டுமே! கறுப்பிடம் இரண்டு பிஷப்புகளும் இருக்கின்றன, வெள்ளையிடம் ஒன்றுதான். ஐந்தாம் வரிசைக்கு ஏறிவிட்ட வெள்ளைச் சிப்பாய் தன்னைச் சுற்றியுள்ள வெள்ளைக் கட்டங்களைக் காக்க முடியாது. கறுப்புக் காய்கள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ராணி இல்லாத பலகையில் ராஜாவும் நிதானமாக நடந்து பத்திரமான மூலைக்குப் போய்விடலாம்.

ராணியை வைத்துப் புயலாகத் தாக்குவதுதான் காஸ்பரோவின் பெரும் பலம். அதை எட்டே நகர்த்தல்களில் பலகையிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஓப்பனிங். எதிராளியை அவருக்குப் பிடிக்காத ஆட்டத்துக்குள் இழுத்துவருவதே ஓப்பனிங் தேர்வின் உச்சம் என்பேன். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதல் ஆட்டம் 25 நகர்த்தல்களில் டிரா. அந்தப் போட்டியில் நான்கு முறை பெர்லின் வந்தது, நான்கும் டிரா. காஸ்பரோவ் ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. வெள்ளைக் காய்களோடு இரண்டு ஆட்டங்களை வென்ற கிராம்னிக், 8.5-6.5 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

இப்போது வெள்ளை ஆடும் பலர் நான்காவது நகர்த்தலில் காஸ்லிங் செய்யாமல், ராணியின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, ராணிகளைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். 2013இல் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் இதைத்தான் ஆடினார். நீண்ட யானை முடிவாட்டத்தில் எதிராளி கார்ல்சன் வென்றார்.